பொன் விதி போஸ்டர்: ஒரு செவிலியரின் மதிப்புரை

பொதுப் பிரார்த்தனை அறைக்கு இந்தப் போஸ்டரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்கலாம். ஆனால் ஆணி அடித்து மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதாக இருந்தால் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு கடிகாரத்தை மாட்டினால் நேரமாவது தெரியும்.

'உலகச் சமயங்களின் பொன் விதி' என்று இந்தப் போஸ்டரைச் சொல்வார்கள். கனடாவைச் சேர்ந்த ஸ்கார்பரோ மிஷன்ஸ் என்ற கத்தோலிக்கச் சங்கத்தில் சமய உரையாடல் பணியில் இருந்த பால் மெக்கென்னா தொகுத்தது. 2000இல் வெளிவந்தது. நடுவில் பூமிப்பந்து, அதைச் சுற்றி 13 சமய மரபுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், ஒரு வாசகம். எல்லாம் ஏறக்குறைய ஒரே சங்கதிதான்: உனக்கு எது வலிக்குமோ அதைப் பிறருக்குச் செய்யாதே, உனக்கு எது வேண்டுமோ அதைப் பிறருக்கும் விரும்பு. பல மொழிகளில் அச்சாகியிருக்கிறது. என்னிடம் இருப்பது ஆங்கிலப் பதிப்பு.

நான் மருத்துவமனையில் செவிலியர். பெரும்பாலும் இரவுப் பணி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக ஓர் அமைதி அறை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலைப் பட்டியலில் இல்லை. வேறு யாரும் பார்த்துக்கொள்ளாததால் என் தலையில் விழுந்தது. விரிப்புகளை மடித்து வைப்பது, அலமாரியில் இருக்கும் நூல்களைத் தூசி தட்டி அடுக்குவது, யாராவது விட்டுப்போன ஜெபமாலையையோ முஸ்லிம்களின் தஸ்பீக் மணிமாலையையோ பத்திரப்படுத்துவது, இவ்வளவுதான் வேலை. அப்புறம் சண்டை தீர்ப்பது. ஆமாம், அமைதி அறையிலும் சண்டை வரும். ஒருவர் வைத்துவிட்டுப் போன படத்தை இன்னொருவர் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். ஒருவருடைய துண்டுப் பிரசுரங்கள் இன்னொருவருடைய வேதப் புத்தகத்துக்குள் செருகப்பட்டிருக்கும். வெறுஞ்சுவராகவே விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஏதாவது இருக்கட்டும் என்றுதான் இதை மாட்டினோம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மனிதர்கள் நின்று படிக்கிறார்கள். மருத்துவமனைச் சுவரில் கைகழுவும் முறை முதல் பார்வையாளர் நேரம் வரை ஆயிரம் காகிதம் ஒட்டியிருக்கும், ஒன்றையும் யாரும் படிப்பதில்லை. இதைப் படிக்கிறார்கள். படிக்கும் விதமும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் கண் தன் சமயத்தைத் தேடும். கிடைத்ததும் முகத்தில் ஒரு நிம்மதி, 'நாமும் இருக்கிறோம்' என்று. அடுத்து, தன் வாசகத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்களா என்று ஒரு சோதனை. அதன் பிறகுதான் பக்கத்து வாசகத்துக்குக் கண் போகும். அந்த மூன்றாவது பார்வைக்காகத்தான் இந்தப் போஸ்டர் என்பது என் கணக்கு. அதுவரை பக்கத்துச் சமயத்தைப் பற்றி அவர்கள் கேட்டதெல்லாம் யாரோ எங்கோ செய்த கொடுமைகளாக இருந்திருக்கும். அந்தச் சமயத்தாரே தங்களுடைய சாரம் என்று சொல்லும் ஒரு வரியை முதன்முறையாகப் படிப்பதும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

இதற்கு ஓர் இறையியலாளர் இலக்கணமே வகுத்திருக்கிறார். கிறிஸ்டர் ஸ்டெண்டால், ஸ்டாக்ஹோமில் லூத்தரன் ஆயராக இருந்தவர். 1985இல் அந்த நகரில் மோர்மன் என்ற அமெரிக்கச் சமயப் பிரிவினர் ஆலயம் கட்ட எதிர்ப்புக் கிளம்பியபோது மூன்று விதிகள் சொன்னார். ஒரு சமயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைப் பின்பற்றுகிறவர்களைக் கேள், அதன் எதிரிகளைக் கேட்காதே. உன்னிடம் இருப்பதில் சிறந்ததை அவர்களிடம் இருப்பதில் மோசமானதோடு ஒப்பிடாதே. பிறர் சமயத்தில் 'இது நம்மிடம் இல்லையே' என்று நல்லவிதமாகப் பொறாமைப்பட மனதில் கொஞ்சம் இடம் வை. இந்த மூன்றில் இரண்டாவதைப் போஸ்டர் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. எல்லோருடைய சிறந்ததும் ஒரே தாளில், ஒரே மாதிரி இடத்தில் இருக்கிறது. எண்ணிக்கையில் பெரிய சமயத்துக்குப் பெரிய இடம் என்றெல்லாம் இல்லை. ஜொராஸ்டிரியர்கள் (பார்சிகள் போன்றோர்) உலகில் மிகக் குறைவு, அவர்களுக்கும் ஒரு வரி, கோடிக்கணக்கானோர் பின்பற்றும் சமயத்துக்கும் ஒரு வரி. ஒரு முறை ஒரு குடும்பத்தினர் வந்து அந்த ஜொராஸ்டிரிய வரியைப் பார்த்துவிட்டு, 'எங்களையும் யாரோ நினைத்திருக்கிறார்களே' என்றார்கள்.

இனி குறைகளுக்கு வருகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஏனென்றால் இந்தக் குறைகளில்தான் எனக்கு ருசி.

ஒரு வரியாகச் சுருக்கியதில் கதை போய்விட்டது. யூத மரபுக்கு ஹில்லேல் என்ற பழைய யூத அறிஞர் சொன்னதைப் போட்டிருக்கிறார்கள்: உனக்கு வெறுப்பானதை அயலானுக்குச் செய்யாதே, இதுவே முழுத் தோரா (யூத வேதம்), மற்றதெல்லாம் விளக்கவுரை. தல்மூத் என்ற யூதச் சட்ட விளக்க நூலில் இதற்குப் பின்னால் ஒரு காட்சி இருக்கிறது. யூதர் அல்லாத ஒருவன் ஷம்மாய் என்ற அறிஞரிடம் போய், நான் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்துக்குள் முழுத் தோராவையும் கற்றுக்கொடுத்தால் உங்கள் சமயத்துக்கு வருகிறேன் என்கிறான். கிண்டல்தான். ஷம்மாய் கையில் இருந்த அளவுகோலாலேயே அவனைத் துரத்தி அடிக்கிறார். அதே ஆள் ஹில்லேலிடம் வருகிறான். அவர் கோபப்படாமல் இந்த வரியைச் சொல்லி, கடைசியில் 'போய்ப் படி' என்கிறார். சீண்ட வந்தவனிடம் நிதானமாகப் பதில் சொன்னதே அந்த விதியை நடத்திக் காட்டியதுதான். போஸ்டரில் வாசகம் இருக்கிறது, ஒற்றைக் காலில் நின்றவன் இல்லை. ஷம்மாய்க்கு வந்த கோபமும் இல்லை. இரவு மூன்று மணிக்கு எட்டாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்கும் உறவினர் முன்னால் நிற்கும்போது என்னிடம் ஷம்மாயின் அளவுகோல் இல்லாதது எல்லோருக்கும் நல்லது.

கன்ஃபூசியஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். வாழ்நாள் முழுக்கப் பின்பற்ற ஒரே ஒரு சொல் உண்டா என்று ஸிகோங் என்ற சீடர் கேட்க, நீ விரும்பாததைப் பிறர் மேல் சுமத்தாதே என்று ஆசான் சொன்ன இடத்தைப் போஸ்டர் எடுத்துக்கொண்டது. அதே நூலில் வேறோர் இடத்தில் அதே ஸிகோங் வந்து, பிறர் எனக்குச் செய்யக்கூடாது என்று நான் நினைப்பதை நானும் பிறருக்குச் செய்யாமல் இருக்க விரும்புகிறேன் என்கிறார். ஆசான் பாராட்டுவார் என்று நாம் எதிர்பார்ப்போம். 'அந்த இடத்துக்கு நீ இன்னும் வரவில்லை' என்கிறார் கன்ஃபூசியஸ்! சொல்வது சுலபம், அந்த நிலையை அடைவது சுலபமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இரண்டாவது உரையாடலையும் போஸ்டரில் சேர்த்திருந்தால் படிப்பவர்கள் தலையாட்டிவிட்டு நகர மாட்டார்கள்.

இந்து மரபுக்கு மகாபாரதத்திலிருந்து ஒரு வரி: தனக்குத் துன்பம் தருவதைப் பிறருக்குச் செய்யாதே, அறத்தின் சுருக்கம் இது. போஸ்டர் காட்டும் எண்ணைப் பிடித்துப் போனால் உத்தியோக பருவத்துக்கு வந்து சேர்வோம். போருக்கு முந்தைய நாட்கள். திருதராட்டிரனுக்குத் தூக்கம் வரவில்லை. இரவில் விதுரனை அழைத்து, ஏதாவது நல்ல வார்த்தை சொல் என்கிறான். விதுரன் இரவெல்லாம் சொல்கிறான், அதில் ஒன்று இது. அரசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறான், நீ சொல்வது சரிதான் என்றும் சொல்கிறான். என்ன பயன்? பதினெட்டு நாள் போர் நடந்தே தீர்ந்தது. பொன் விதி தெரியாததால் யாரும் குருக்ஷேத்திரத்தில் சாகவில்லை. தெரிந்தும் மகன் பக்கம் சாய்ந்த ஒருவனால்தான் அத்தனை பேர் செத்தார்கள். நள்ளிரவில் தூக்கமில்லாமல் அந்த அறைக்கு வந்து உட்காருகிறவர்களிடம் நான் அதிகம் சொன்ன கதை இதுதான். யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

அடுத்த குறை, உடன்பாட்டு வடிவமும் எதிர்மறை வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன என்று போஸ்டர் காட்டுவதில்லை. மத்தேயு நற்செய்தியில் இயேசு 'செய்யுங்கள்' என்கிறார்: மனிதர் உங்களுக்கு எவற்றைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அவற்றை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள். ஹில்லேல் 'செய்யாதே' என்கிறார். வார்டில் இந்த வித்தியாசம் பெரிது. தனக்குக் காய்ச்சல் வந்தால் நாலு பேர் சுற்றி நின்று உரக்க ஜெபித்தால்தான் தெம்பு என்று நினைக்கும் ஒருவர், பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் அதையே செய்யப் போனார். அன்போடுதான் போனார். பக்கத்துக் கட்டில்காரர் வேறு சமயம், அவருக்கு வேண்டியிருந்தது அமைதியும் மூடிய திரையும். தன் விருப்பத்தைப் பிறர் மேல் போர்த்துவது எவ்வளவு சுலபம் என்று அன்று பார்த்தேன். செவிலியர் பயிற்சியில் இதை வேறு வார்த்தையில் சொல்லித்தருவார்கள்: உனக்கு எப்படி இருக்கும் என்று யோசிப்பதோடு நிறுத்தாதே, அவரிடமே கேள்.

சரி, அப்படியானால் ஹில்லேல் வடிவம் போதும், யாருக்கும் கெடுதல் செய்யாமல் இருந்தால் ஆயிற்று என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. லூக்கா நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன் கதையைப் பாருங்கள். அடிபட்டுக் கிடப்பவனைத் தாண்டிப் போகும் குருவும் கோவில் பணியாளனான லேவியனும் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எதிர்மறை விதிப்படி இருவருமே குற்றமற்றவர்கள். விலகிப் போனார்கள், அவ்வளவுதான். நின்று காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் கட்டியவன், கேட்டுக்கொண்டிருந்த யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரியன். இரண்டு வடிவமும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். போஸ்டரில் இரண்டும் இருப்பது அதன் பலம். 'பாருங்கள், எல்லாம் ஒன்றே' என்ற பாவனையில் அவற்றை வட்டமாக அடுக்கியிருப்பதுதான் குறை.

எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி: பிறர் என்றால் யார் யார்? சமாரியன் கதையே 'எனக்கு அயலான் யார்' என்று ஒரு சட்ட அறிஞர் கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்ததுதான். இஸ்லாத்துக்குப் போட்டிருக்கும் ஹதீஸ், அதாவது நபிமொழி, தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை உங்களில் ஒருவரும் உண்மையான நம்பிக்கையாளர் ஆகமாட்டார் என்று சொல்வது. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ளது, நபித்தோழர் அனஸ் அறிவித்தது. இமாம் நவவியின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் 13ஆவது. அந்தச் சகோதரன் ஒரே சமயத்தவன் மட்டுமா, மனிதர் எல்லோருமா என்று உரையாசிரியர்கள் விவாதித்திருக்கிறார்கள். நவவி பொதுவான மனிதச் சகோதரத்துவமாக எடுத்துக்கொள்வதே நல்லது என்ற பக்கம். பைபிளில் லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்திலும் இதே நகர்வு தெரிகிறது. 18ஆம் வசனத்தில் உன் அயலானை உன்னைப்போல் நேசி என்று வருகிறது. அதே அதிகாரத்தில் 34ஆம் வசனத்துக்கு வந்தால் உங்களிடம் தங்கும் அந்நியனையும் உன்னைப்போல் நேசி, எகிப்தில் நீங்களும் அந்நியராயிருந்தீர்களே என்று ஒரு காரணத்தோடு வட்டம் பெரிதாகிறது. சமண வாசகமோ மனிதரோடு நிற்காமல் எல்லா உயிரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சமயத்துக்குள்ளும் இந்த வட்டத்தைச் சுருக்க நினைத்தவர்களும் இருந்தார்கள், பெரிதாக்கியவர்களும் இருந்தார்கள். சமயங்களுக்கு நடுவில் நடக்கும் விவாதத்தைவிட ஒவ்வொரு சமயத்தின் உள்ளேயும் நடந்த இந்த விவாதம்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. போஸ்டரைப் பார்த்து இதை யாரும் ஊகிக்க முடியாது.

சில வரிகள் பொன் விதியே இல்லை என்று எனக்குப் பட்டது. யூனிடேரியன் என்ற தாராளவாதச் சமயப் பிரிவின் வரி, எல்லா இருப்பும் ஒன்றோடொன்று பின்னிய வலை, அதை மதிப்போம் என்கிறது. நல்ல வரிதான், தீர்மானம் வாசிப்பதுபோல் இருக்கிறது. பழங்குடி மரபுக்கு டான் ஜார்ஜ் என்ற தலைவரின் வார்த்தை: பூமியை எவ்வளவு உயிரோடு வைத்திருக்கிறோமோ அவ்வளவுதான் நாமும் உயிரோடு இருக்கிறோம். அழகு. ஆனால் உலகத்தின் எண்ணற்ற பழங்குடி மரபுகளையெல்லாம் ஒரே தலைப்பின் கீழ் ஒரே வரியில் அடைத்தது சரியில்லை. யோருபா மக்களின் பழமொழி என்று ஒன்றைச் சொல்வார்கள், குருவிக் குஞ்சைக் குத்தக் கூரான குச்சியை எடுப்பவன் முதலில் தன்னையே குத்திப் பார்க்கட்டும் என்று. அதற்கெல்லாம் இங்கே இடமில்லை. பௌத்த வரியும் தாவோ வரியும் பஹாய் வரியும் சரியாகவே இருக்கின்றன. பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறையிலும் நாடுகடத்தலிலும் கழித்தவர் என்று தெரிந்துகொண்டு, 'நீ சுமக்க விரும்பாத பாரத்தை எந்த உயிர்மேலும் ஏற்றாதே' என்ற அவர் வரியைப் படித்தால் அதன் எடை வேறு.

சீக்கிய வரியையும் இந்தக் குறைப் பட்டியலில்தான் வைத்திருந்தேன். 'எனக்கு யாரும் அந்நியர் இல்லை, நானும் யாருக்கும் அந்நியன் இல்லை, எல்லோருக்கும் நண்பன்.' குரு கிரந்த சாகிபின் 1299ஆம் பக்கம், ஐந்தாம் குருவான அர்ஜன் பாடியது. இதில் விதி எங்கே இருக்கிறது என்று, மனைவியைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்த ஒரு சீக்கியப் பெரியவரிடமே கேட்டேன்.

"சிஸ்டர், அந்நியர் என்று ஒருவர் இருந்தால்தானே அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று விதி போட வேண்டும்?" என்றார்.

"அப்படியென்றால் விதியே வேண்டாமா ஐயா?"

"வேண்டும். அங்கே போய்ச் சேரும்வரை வேண்டும்."

அப்புறம் அவரே சொன்னார், அந்தப் புனித நூலுக்குள் சீக்கிய குருமார்களின் பாடல்களோடு கபீரும் நாமதேவரும் ரவிதாசரும் சூஃபி ஞானி ஷேக் ஃபரீதும் இருக்கிறார்கள் என்று. பிற மரபில் பிறந்தவர்களின் பாடலைத் தன் வேதத்துக்குள்ளேயே வைத்து, அதன் முன் தலைவணங்கும் சமயம்! ஸ்டெண்டால் சொன்ன அந்த நல்ல பொறாமை எனக்கு வந்தது. பெரியவருக்கு உள்ளே இருந்து அழைப்பு வந்ததும் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வரியின் மேல் எனக்குப் புகார் இல்லை.

விடுபட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இதில் இடமே இல்லை. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், எல்லாவற்றையும் படித்துவிட்டு, "எனக்குச் சாமி கிடையாது. நான் எங்கே நிற்பது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தமிழர்கள் யார் பார்த்தாலும் கேட்கும் கேள்வி வேறு: குறள் எங்கே? நியாயம்தான். 'இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்' என்று 316ஆம் குறள் இந்த விதியை அப்படியே சொல்கிறது. எந்தச் சமயத்தின் பெயரையும் முன்னால் போடாமல் சொல்கிறது. ஒருவேளை அதனால்தான் சமயவாரியாக அடுக்கிய தாளில் அதற்கு இடம் கிடைக்கவில்லையோ என்னவோ. அதை ஓர் அட்டையில் எழுதிக் கீழே ஒட்டினேன். அந்தப் பெண்ணின் கேள்விக்கும் அது கொஞ்சம் உதவுகிறது.

இதே வேலையைச் செய்யும் மற்றவற்றோடு ஒப்பிட்டால்? நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல்லின் ஓவியத்தை வைத்துச் செய்த மொசைக் இருக்கிறது. ஓவியம் 1961இல் வரைந்தது, மொசைக் 1985இல் அமெரிக்காவின் பரிசாக வந்தது. பல இன, பல சமய முகங்கள், அவற்றின் மேல் ஒரே ஒரு பொன் விதி வாசகம். அங்கே முகங்கள் பேசுகின்றன, வாசகம் ஒன்றுதான். நம் போஸ்டரில் வாசகங்கள் நிறைய, முகம் ஒன்றுகூட இல்லை. மருத்துவமனைக்கு முகம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றுவது உண்டு. ஆனால் ஓவியத்தில் எந்த முகம் எந்தச் சமயம் என்று யூகிக்கத் தொடங்கிவிடுவோம், அது வேறு வம்பு.

ஆவணங்கள் வேண்டுமென்றால் 1993இல் சிகாகோவில் கூடிய உலகச் சமயங்களின் பாராளுமன்றம் ஏற்ற உலக அறநெறிப் பிரகடனம் உண்டு. வரைவு எழுதியவர் கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் குங். வன்முறையின்மை, நீதியான பொருளாதாரம், சகிப்பும் உண்மையும், ஆண் பெண் சமத்துவம் என்று பொன் விதியிலிருந்து கடமைகளை இறக்கிக் காட்டுகிறது. 2018இல் பூமியைக் காப்பதையும் ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். நல்ல உழைப்பு, ஆனால் காத்திருப்போர் அறையில் அதை யாரும் படித்து முடிக்க மாட்டார்கள்.

சமயங்களைப் பற்றி எழுதும் எழுத்தாளர் கேரன் ஆம்ஸ்ட்ராங் முன்னெடுத்து 2009 நவம்பரில் வெளியான கருணைச் சாசனம் ஒரே பக்கம். போஸ்டருக்கு உண்மையான போட்டி அதுதான். 2008இல் டெட் (TED) உரைகளை நடத்தும் அமைப்பிடமிருந்து தனக்குக் கிடைத்த பரிசை வைத்து அவர் ஆரம்பித்தது. பொதுமக்கள் எழுதி அனுப்பியதையும் சேர்த்துப் பல சமயத்து அறிஞர்கள் உட்கார்ந்து இறுதி வடிவம் கொடுத்தார்கள். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியவை இரண்டு இடங்கள். வன்முறையையும் வெறுப்பையும் இகழ்ச்சியையும் வளர்க்கும் எந்த வேத விளக்கமும் செல்லாது என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது. இன்னோர் இடத்தில், நாங்கள் கருணையோடு வாழத் தவறிவிட்டோம், சிலர் சமயத்தின் பெயராலேயே மனிதத் துயரத்தைக் கூட்டியும் இருக்கிறோம் என்று ஒப்புக்கொள்கிறது. போஸ்டரில் இந்த ஒப்புதல் எங்கேயும் கிடையாது. பதின்மூன்று பேர் தத்தம் நல்ல முகத்தோடு நிற்கும் குழுப்படம் அது. வெளியே நடந்ததெல்லாம் தெரிந்துதான் ஒருவர் அந்த அறைக்குள் வருகிறார். சமயத்தின் பெயரால் அடிபட்டு வந்தவர்களுக்குக்கூட நாங்கள் கட்டுப்போட்டிருக்கிறோம். அவர்கள் முன்னால் இந்தத் தாள் கொஞ்சம் வெகுளியாகத் தெரியும். மேலும், சாசனம் சமய மரபுகளோடு அற மரபுகளையும் சேர்த்தே பேசுவதால் அந்தப் பெண்ணுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. அதன் படியையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

போஸ்டரைத் தப்பாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது, எச்சரிக்கையாக இருங்கள். அடுத்தவர் சமய வாசகத்தை விரலால் தொட்டு, "உங்க மதத்திலேயே இப்படிப் போட்டிருக்கு, அப்புறம் ஏன் உங்க ஆளுங்க இப்படிப் பண்றாங்க?" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. விதியைத் தன் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்காமல் எதிராளியின் நெஞ்சுக்கு நேராக நீட்டுவது. அப்போதெல்லாம் நான் செய்யும் ஒரே காரியம், "உங்க வரி எது, காட்டுங்களேன்" என்று கேட்பது. பெரும்பாலும் வேலை செய்கிறது. செய்யாத இரவுகளில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்லிவிடுவேன்.

தாள் தானாக மனிதர்களை நெருங்க வைக்காது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதினார், வேறுபட்ட குழுவினர் பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் சில நிபந்தனைகள் வேண்டும் என்று. சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். 2006இல் பெட்டிக்ரூ, ட்ராப் என்ற இரண்டு உளவியலாளர்கள் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நிபந்தனைகள் முழுமையாக இல்லாவிட்டாலும் பழக்கமே முன்முடிவுகளைக் குறைக்கிறது, நிபந்தனைகள் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இந்த நிபந்தனைகளில் பாதி தானாகவே இருக்கின்றன. எல்லோரும் ஒரே நிலை, எல்லோருக்கும் ஒரே வேண்டுதல். ஒருவர் கண்ணயரும்போது இன்னொருவர் அவர் பெயரை அழைக்கிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். அவர்கள் சேர்ந்து பேச ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்காகப் போஸ்டர் நன்றாக உழைக்கிறது. ஆளில்லாத தாழ்வாரத்தில் மாட்டியிருக்கும் இன்னொரு படி சும்மா தொங்குகிறது, அதன் முன் யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்று கதைகள் இல்லாததற்காகக் குறைத்தது, அரை அந்தக் குழுப்படப் புன்னகைக்காக.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கண்ணாடி போட்ட சட்டம் வேண்டாம். மேலே இருக்கும் விளக்கு அதில் விழுந்து, பாதி வாசகங்கள் வெள்ளைத் திட்டாகிவிடும். எந்தச் சமயம் திட்டுக்குள் போகிறதோ அவர்கள் வந்து உங்களைத்தான் கேட்பார்கள். மங்கலான லேமினேஷன் போதும், துடைக்கவும் சுலபம், கிருமிநாசினி பட்டாலும் மை கலையாது. அப்புறம், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் மாட்டுங்கள். எழுத்து சின்னது. அந்த அறைக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு நிற்கத் தெம்பு இருக்காது.